தையல் தம்பிக்குப் பெண் பார்த்தேன்

கயிற்றை இழுத்ததும் தகரம் மண்ணை விட்டு எகிறி விழுந்தது. மூடி தனியாகப் பறந்தது. மண்மூட்டைகளுக்குப் பின்னால் நானும் அம்பிகாவும் தலையைக் குனிந்துகொண்டு குந்தியிருந்தோம். ஒன்றும் வெடிக்கவில்லை.

விதிப்படி காத்திருக்க வேண்டிய நேரம் முழுவதும் காத்திருந்தோம். பிறகு ஒருவர் பின் ஒருவராக நடந்து போனோம். அம்பிகா எங்கள் அணியின் சுப்பர்வைசர், அதனால் முன்னால் போனாள். தகரத்தைக் கண்டுபிடித்தவள் என்ற உரிமையில் நான் பின்னால் போனேன்.

அவள் குனிந்து பார்த்தாள். விலகி நின்றாள். நான் எட்டிப் பார்த்தேன். கிழிந்த பொலித்தீனுக்குள் இருந்து ஒரு பச்சை முகம் என்னைப் பார்த்தது. நெற்றியின் குறுக்கே தையல், கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"ஐயோ, என்ர அம்மாளாச்சி!"

கத்தியதோடு நிற்கவில்லை, ஓடியும் விட்டேன். அந்தப் பாரமான கவச உடுப்போடு அவ்வளவு வேகமாக ஓடலாம் என்று அதுவரை எனக்கே தெரியாது. வெள்ளைத் தடி நட்டு, பாதுகாப்பானது என்று அடையாளமிட்ட பாதையால்தான் ஓடியிருக்கிறேன். "பேயைக் கண்டு ஓடேக்கையும் பாதையை விட்டு இறங்கேல்லை, கெட்டிக்காரி" என்று அம்பிகா எல்லோருக்கும் முன்னால் பாராட்டினாள். அந்தப் பாராட்டை அவள் இன்றைக்கும் நிறுத்தவில்லை.

கண்ணிவெடி அகற்றும் வேலையில் எனக்கு அப்போது ஆறேழு வருடம் ஆகியிருக்கும். எத்தனை மிதிவெடியை மண்ணுக்குள் இருந்து இந்தக் கையால் வெளிக்காட்டியிருப்பேன். கை ஒருநாளும் நடுங்கியதில்லை. ஒரு சாண் உயரப் பொம்மைக்கு நடுங்கியது.

"முகாம், வெடி என்று எழுதுகிறீர்கள், உங்கள் வீட்டு அலுமாரியில் நிற்கும் பேய்களைப் பற்றி எப்போது எழுதப் போகிறீர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எங்கள் ஊர் நெடுங்கேணிக்காரராகத்தான் இருக்க வேண்டும். வேறு யாருக்கு என் அலுமாரி தெரியும்? சரி, எழுதுகிறேன்.

தகரத்துக்குள் இருந்தவர்கள்

அது புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு காணி. பற்றையும் பனைவடலியும் மூடிக் கிடந்தது. உலோகம் காட்டும் கருவி ஓரிடத்தில் விடாமல் கத்தியது. பக்கவாட்டாக மண்ணைச் சுரண்டிக்கொண்டு போனேன். மண்ணுக்குள் பொலித்தீன் தெரிந்தது. அதற்கு மேலே சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டியிருந்தது. யாரோ கவனமாகக் கட்டிய எதுவும் எங்கள் வேலையில் கெட்ட செய்தி. அதனால்தான் கொழுக்கி மாட்டித் தூரத்தில் இருந்து கயிற்றால் இழுத்தோம்.

ஆனால் கவனமாகக் கட்டிப் புதைப்பது எங்கள் சனத்தின் பழக்கமும்தான். இடம்பெயரும்போது தூக்கிக்கொண்டு போக ஏலாததைப் புதைத்துவிட்டுத்தான் போவோம். தையல் மெஷின், தண்ணீர்ப் பம்ப், பித்தளைக் குடம் எல்லாம் மண்ணுக்குள் போகும். எங்கள் அம்மா ஆட்டுக்கல்லைப் புதைத்தா. "ஆட்டுக்கல்லை ஆரம்மா தூக்கிக்கொண்டு போகப் போறான்?" என்று கேட்டேன். "உனக்கென்ன தெரியும், பொத்திக்கொண்டு மண்ணை அள்ளு" என்றா. திரும்பி வந்து பார்த்தோம். வீடு இல்லை. ஆட்டுக்கல் இருந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

அந்தத் தகரம் பிஸ்கட் தகரம். உள்ளே ஐந்து பேர். தையல் போட்ட பச்சை முகக்காரர் ஒருவர். நீளக் கறுப்புக் கோட்டும் இரண்டு கூர்ப்பல்லுமாக இரத்தம் குடிக்கிறவர் ஒருவர். தலை முதல் கால் வரை துணி சுற்றிய பிணம் ஒன்று. முகமெல்லாம் மயிர் முளைத்த ஓநாய் மனிதன் ஒருவன். மீன் செதிளும் செவுளுமாகத் தண்ணீருக்குள் இருந்து எழும்பி வந்தவன் ஒருவன். கை, கால், முழங்கால் எல்லாம் மடங்கும் நல்ல பொம்மைகள். பழைய ஆங்கிலப் பேய்ப் படங்களில் வருகிற ஆட்கள்.

கூடவே கொப்பித் தாள் ஒன்று. பென்சிலால் எழுதியபடியால் ஒரு எழுத்தும் அழியவில்லை. முகக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு மரநிழலில் இருந்து வாசித்தேன்.

"1. கோட்டு ஐயா. வெயிலில் விடக்கூடாது.
2. சீலை சுத்தினவர். நனையக்கூடாது.
3. ஓநாய் மாமா. பறுவ நிலவில் கட்டி வைக்க வேண்டும்.
4. தையல் தம்பி. நெருப்புக்குப் பயம். ஏசக்கூடாது.
5. செதிள் அண்ணா. இவரைத் தண்ணீரில்தான் வைக்க வேண்டும். இப்போதைக்கு மன்னிக்கவும்.
6. கண்ணுக்குத் தெரியாதவர். இதற்குள்தான் இருக்கிறார்.
7. தையல் தம்பிக்கு மனைவி. இன்னும் கிடைக்கவில்லை. பார்க்க வேண்டும்.
இப்படிக்கு, ம. நிரோஜா, ஆண்டு 6."

ஆறாம் இலக்கத்தை வாசித்ததும் நான் எழும்பிப் போய்த் தகரத்துக்குள் இன்னொரு தடவை பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், விரலை விட்டுத் தடவியும் பார்த்தேன்.

பிறகு சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. கடைசி யுத்தத்தில் அந்தப் பக்கத்தால் போன சனம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும், நானும் அந்தச் சனத்தோடு போனவள்தான். ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று செதிள் அண்ணாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அந்தப் பாதையால் நடந்திருக்கிறது.

டெக்கில் பார்த்த பேய்

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தையல் தம்பி எனக்கு ஏற்கெனவே தெரிந்தவர்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வன்னியில் கரண்ட் கிடையாது. யாராவது டீவியும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்குப் பிடித்து வந்து, ஓலைக் கொட்டிலைச் சாக்கால் மறைத்துப் பட்டப்பகலில் படம் ஓட்டுவார்கள். ஒருநாள் தமிழ்ப் படக் கொப்பி கிடைக்கவில்லை. கறுப்பு வெள்ளை ஆங்கிலப் பேய்ப் படம் ஒன்றைப் போட்டார்கள். ஒரு வசனமும் விளங்கவில்லை. டெக்குக்காரர்தான் பக்கத்தில் நின்று கதை சொன்னார்.

"இப்ப பாருங்கோ, இவர் செத்தவர். ஆனால் சாகேல்லை. ஆளுக்குப் பசி" என்றார்.

கொட்டில் முழுக்கச் சிரிப்பு. எனக்கு மட்டும் அந்தச் செத்துச் சாகாதவரில் இரக்கம் வந்துவிட்டது. எல்லோரும் தீப்பந்தத்தோடு கலைக்கிறார்கள், அந்த மனிதன் எங்கே ஓடுவது என்று தெரியாமல் நிற்கிறான். பாதிப் படத்தில் எண்ணெய் முடிந்து ஜெனரேற்றர் நின்றது. அவனுக்கு என்ன நடந்தது என்று கடைசி வரை தெரியாது. அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை, அம்மாவிடம் அடியும் வாங்கினேன்.

எனவே தகரத்துக்குள் கண்டபோது ஓடினேன் என்பது உண்மைதான். ஆனால் அன்று பின்னேரமே அவர்களை என் மடியில் வைத்துத் துடைத்தேன் என்பதும் உண்மை.

வெடிப்புலத்தில் எடுத்த ஒரு ஊசியைக் கூட நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. தகரத்தை அம்பிகா கிராம அலுவலரிடம் எழுதிக் கொடுத்தாள். அது அவருடைய கந்தோரில் பல மாதம் இருந்தது. ஒருவரும் உரிமை கேட்டு வரவில்லை. ஒருநாள் அவரே கூப்பிட்டார்.

"பிள்ளை புவனா, உந்தப் பேயளைக் கொண்டு போம். உதுகளைக் கண்டதில இருந்து கூட்டிப் பெருக்க வாற அம்மா உள்ளுக்கு வரமாட்டன் எண்டு நிக்கிறா."

கையொப்பம் வைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். காணிக்காரர் யாரென்று அவரிடம் ஏற்கெனவே கேட்டிருந்தேன். காணிக்காரர் வெளிநாட்டில், இடம்பெயர்ந்து வந்த நாலைந்து குடும்பம் அங்கே கொஞ்ச நாள் கொட்டில் போட்டு இருந்ததாகக் கேள்வி என்றார். அதற்கு மேல் அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

பொம்பிளை பார்க்கும் படலம்

எனக்கும் இவருக்கும் பிள்ளை இல்லை. இவர் என்று நான் எழுதினால் அது என் வீட்டுக்காரர். வவுனியா ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கொம்பன் யானைக்குப் பயமில்லாத மனிதன், ஓநாய் மாமாவுக்குப் பயம். "இஞ்சரப்பா, உவரை மற்றப் பக்கம் திருப்பி வையும், சாப்பிடேக்கை என்னையே பாக்கிறார்" என்பார்.

ஐந்து பேரையும் கண்ணாடி அலுமாரியில் நிறுத்தியதும் மனதுக்குள் எனக்கு ஒரு அரியண்டம் தொடங்கியது. ஏழாம் இலக்கம். "பார்க்க வேண்டும்" என்று அந்தப் பிள்ளை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. எங்கள் ஊரில் ஒருவர் விட்டுப்போன கலியாணப் பேச்சை மற்றவர் எடுத்து முடிப்பது வழக்கம்தானே? தையல் தம்பிக்கு நான் பெண் பார்க்கத் தொடங்கினேன்.

கனடாவில் இருக்கும் என் மச்சாள் வசந்திக்குப் போன் எடுத்தேன்.

"ஒரு பொம்பிளை பாக்க வேணும் வசந்தி."

"ஆருக்கடி?"

"ஒரு பெடியனுக்கு. கழுத்தில தையல் இருக்க வேணும். வெள்ளைச் சட்டை போட்டிருக்க வேணும். உயரம் ஒரு சாணுக்குள்ளை. மாப்பிள்ளை கட்டை."

"புவனா, வெயிலுக்கை வேலை செய்யாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்?" என்றாள்.

விளக்கிச் சொன்னதும் அவளுக்கும் பிடித்துவிட்டது. அங்கே பழைய சாமான் விற்கும் வீட்டு முற்றங்கள், பொம்மைக் கண்காட்சிகள் எல்லாம் ஏறி இறங்கினாள். படம் படமாக வந்தது. ஒன்று மாப்பிள்ளையை விட ஒரு தலை உயரம். ஒன்றுக்கு முழங்கால் மடங்காது. ஒன்று முகமெல்லாம் சிரிப்பு, பேய்க்கு அது சரிவராது. வேண்டாம் என்றவர்களையும் அவள் பாவம் பார்த்து அனுப்பினாள், நானும் பாவம் பார்த்து வைத்துக்கொண்டேன். வவுனியாவில் பழைய சாமான் பரப்பி விற்பவரும் என்னைக் கண்டால் சாக்குக்குள் கையை விட்டு, "அக்கா, உங்கட ஆக்கள் வந்திருக்கினம்" என்று எடுத்து நீட்டுவார். அப்படித்தான் ஐந்து நாற்பதானது.

சேகரிப்பது சும்மா வாங்கி அடுக்குவதல்ல. எங்கள் வெக்கைக்குப் பழைய பிளாஸ்ரிக் கசிந்து பிசுபிசுக்கும், பவுடர் பூசித் துடைக்க வேண்டும். முழங்கால் தளர்ந்தால் மூட்டுக்குள் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சொட்டு விட்டுக் காயவைத்தால் மீண்டும் நிமிர்ந்து நிற்பார்கள். சிற்றெறும்புக்குக் கோட்டு ஐயாவின் கோட்டு என்றால் உயிர். ஆறாம் இலக்கத்துக்கும் ஒருவரை எடுத்தேன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகத்தில் துணிக்கட்டு. கட்டை அவிழ்த்தால் உள்ளே ஆளில்லை என்பது கதை.

பெண் அமைய மூன்று வருடம் சென்றது. பார்சல் தபால் கந்தோருக்கு வந்தது. கவுண்டரில் இருந்த தம்பி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது என்னம்மா?"

"மருமகள்" என்றேன். நல்ல வடிவு. கழுத்தைச் சுற்றி நுணுக்கமான தையல், வெள்ளைச் சட்டை, கைகளை முன்னால் நீட்டினால் யாரையோ தேடுவது போல நிற்பாள். தையல் தம்பிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். இவர் ஒரு நூலும் மஞ்சள் துண்டும் கொண்டு வந்து, "கட்டி விடுமன்" என்றார். கட்டியும் விட்டேன்.

அயலட்டையில் எங்கள் வீட்டுக்குப் பேய் வீடு என்று பெயர் வைத்தார்கள். வைக்கட்டும். சூனியம் செய்கிறேன் என்று ஒருத்தி சொல்லித் திரிந்தாள். "ஓம், அடுத்தது உனக்குத்தான்" என்றேன். அதற்குப் பிறகு அவள் எங்கள் ஒழுங்கையால் வருவதில்லை.

நான் கேட்காத கேள்வி

இவ்வளவு செய்த நான் ஒன்றை மட்டும் செய்யவில்லை. நிரோஜாவைத் தேடவில்லை.

பெயர் இருந்தது. முதலெழுத்து இருந்தது. வகுப்பு இருந்தது. பள்ளிக்கூடங்களில் கேட்டிருக்கலாம். காணாமல் போனவர்களைப் பதிவு எடுத்தவர்களிடம் கேட்டிருக்கலாம். இவர் எத்தனையோ தரம் சொன்னார்.

"கேட்டுப் பாக்கிறதில என்னப்பா இருக்கு?"

"கேட்டால் சொல்லிப் போடுவினம்."

"என்னத்தை?"

"என்னத்தை எண்டு உங்களுக்குத் தெரியாதே? சும்மா இருங்கோ."

எங்கள் ஊரில் ஒரு பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிரில் இருப்பவர் முகம் மாறும் பாருங்கள், அந்த ஒரு கணம் எனக்குப் பயம். என் கூடப்பிறந்தவனைப் பற்றிக் கேட்டபோது அந்த முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டேன். இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை. அந்தப் பிள்ளை உயிரோடு இல்லை என்றே முடிவெடுத்தேன். இல்லை என்று நானே முடிவெடுத்தால், பிறகு ஒருவரும் வந்து சொல்லத் தேவையில்லையே.

திதி தெரியாது. தகரம் எடுத்த நாளையே திதியாக வைத்துக்கொண்டேன். வருடா வருடம் அந்த நாளில் பொழுதுபடும் நேரம் அலுமாரிக்கு முன்னால் ஒரு விளக்கு. படையலுக்குச் சொக்கிளேற் கிறீம் பிஸ்கட்டும் ஒரு கிளாஸ் தோடம்பழச் சோடாவும். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு வேறென்ன பிடிக்கும்? "நிரோஜா, எல்லாரும் சுகமாக இருக்கினம், தையல் தம்பிக்குப் பொம்பிளை பாக்கிறன்" என்றும், பெண் வந்த பிறகு "சம்பந்தம் சரிவந்திட்டுது" என்றும் சொல்லிவிட்டு, விளக்கை நூர்க்காமல் தானாக அணைய விட்டுவிடுவேன். ஆறு வருடம் இப்படி.

பஸ்ஸில் ஒட்டின கடதாசி

ஒருநாள் சந்தைக்குப் போவதற்கு இவருடைய பஸ்ஸிலேயே ஏறினேன். டிரைவர் சீட்டுக்குப் பின்பக்கம் ஒரு போட்டோக்கொப்பி ஒட்டியிருந்தது. அந்தப் பென்சில் எழுத்து. முதல் நாலு வரி மட்டும். கீழே இவருடைய கோணல் எழுத்தில், போன் இலக்கத்தோடு, "இதை எழுதியவரைத் தெரிந்தால் கண்டக்டரிடம் சொல்லவும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பஸ் முழுக்கச் சனம் என்பதையும் மறந்துவிட்டேன்.

"ஆரைக் கேட்டு ஒட்டினனீங்கள்?"

"டிக்கெற் எடுங்கோ முதல்" என்றார் இவர், வெளியாளிடம் கேட்பது போல.

வீட்டுக்கு வந்து நான் போட்ட சண்டை அயலுக்கெல்லாம் கேட்டிருக்கும். சோறு கொடுக்க மாட்டேன் என்றேன். இவர் சறத்தைச் சரிசெய்துகொண்டு கதிரையில் இருந்து சொன்னார்: "நீர் பயத்தில கேக்கேல்லை. சரி. எனக்கும் பயம்தான். ஆனா அந்தப் பிள்ளை இருந்தால், தன்ர சாமானை ஒருத்தரும் எடுத்து வைக்கேல்லை எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருக்கும்?"

சோறு கொடுத்தேன்.

நாலு வரி மட்டும் ஏன் என்று பிறகுதான் கேட்டேன். "பஸ்ஸில விட்ட ஒரு குடைக்கு நாலு சொந்தக்காரர் வருவினம். மிச்சத்தைச் சொல்லுற ஆள்தான் ஆள்" என்றார். கண்டக்டர் மூளை.

ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ ஒரு பயணி அதைப் படம் எடுத்துப் போனில் போட, அது ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் மீன் வெட்டிக்கொண்டிருக்க, இவருடைய போன் அடித்தது. கதைத்துக்கொண்டே வந்தவர் முகம் வெளிறி, போனைச் சத்தமாகப் போட்டு என் முன்னால் நீட்டினார்.

"வணக்கம்ங்க. அட்டன் பக்கம் இருந்து பேசுறேன். அந்தப் பேப்பர்ல உள்ளது என்னோட எழுத்து மாதிரி இருக்கு."

என் கையில் கத்தி, விரலெல்லாம் செதிள். சந்தோசப்படத் துணிவில்லாமல் பொலிஸ்காரி போலத்தான் கேட்டேன்.

"ஆறாவது ஆள் எங்கை இருக்கிறார்?"

"ஆறாவது..." அந்தக் குரல் யோசித்தது. பிறகு சிரித்தது. "அவரு டின்னுக்குள்ளதான் இருக்காரு. நீங்க பார்க்கலியா?"

நான் மீன்சட்டிக்குப் பக்கத்தில் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

நிரோஜா

இரண்டு கிழமை கழித்து வவுனியாவில் இருந்து இவருடைய பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். இவர் அவளிடம் டிக்கெற் கிழிக்கவில்லை, பையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுக் கூடவே இறங்கினார். நான் மனதுக்குள் வைத்திருந்தது ஆறாம் ஆண்டுப் பிள்ளையை. வந்தது கண்ணாடி போட்ட, என்னிலும் உயரமான பெண். ஒரு தையல் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலையாம். என்ன சொல்லி வரவேற்பதென்று தெரியாமல், "மெலிஞ்சு போனாய்" என்றேன், முன்னர் கண்டவள் போல.

அவளுடைய ஆட்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்கள். தகப்பன் கூலிக்குப் போன ஒரு வீட்டில், சமாதான காலத்தில் வெளிநாட்டில் இருந்து வந்துபோன பிள்ளைகள் அந்த ஐந்தையும் விட்டுவிட்டுப் போக, வீட்டுக்காரர்கள் எறியச் சொல்ல, தகப்பன் மகளுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். தகரத்தைப் பொதி செய்து சைக்கிள் டியூபால் கட்டியதும் அவர்தான்.

"அப்பா, அம்மா, அண்ணன், மூணு பேரும் வரல" என்றாள். அத்தை ஒருவர் வந்து முகாமில் இருந்து மலைநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாராம்.

அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துவிட்டாள். நாற்பது பேர் நிற்க, தன்னுடைய ஐந்து பேரையும் ஒரே பார்வையில் எடுத்தாள். செதிள் அண்ணாவைக் கையில் எடுத்து அவருடைய செவுளைப் பெருவிரலால் தடவினாள். பிறகு தொப்பியும் கண்ணாடியும் போட்டவரைக் கண்டாள்.

"இவரு யாரு?"

"ஆறாம் இலக்கம். நான் வாங்கினது."

"சும்மா வாங்கியிருக்கீங்கக்கா. அவரு ஏற்கெனவே இருந்தாரே" என்று சண்டைக்கு வந்தாள். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல ஏலாது.

பெண்ணைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். கழுத்தில் மஞ்சள் நூல். "கட்டி வச்சிட்டீங்களா?" என்றாள். "நீ வருவாயெண்டு தெரிஞ்சிருந்தால் பாத்துக்கொண்டு இருந்திருப்பம்" என்றார் இவர்.

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால் நான் புவனா இல்லையே. நெஞ்சுக்குள் கிடந்து அறுத்த அந்த விளக்குக் கதையைச் சொல்லிவிட்டேன். உயிரோடு இருக்கும் பிள்ளைக்குத் திதி கொடுத்த பாவி என்று என்னையே ஏசி, மன்னித்துக்கொள் என்று கையைப் பிடித்தேன். இவர் வாசலில் நின்று, இதை ஏன் இப்போது சொல்கிறாய் என்று கண்ணைக் காட்டினார்.

நிரோஜா என்னையே பார்த்தாள்.

"எத்தனை வருசம்?"

"ஆறு."

"என்ன வச்சீங்க?"

"சொக்கிளேற் கிறீம் பிஸ்கட். தோடம்பழச் சோடாவும்."

"எனக்குக் கிறீம் பிஸ்கட்டே பிடிக்காது" என்று சிரிக்கத் தொடங்கினாள். "ஒண்ணும் ஆகாதுக்கா. செத்துட்டான்னு சொன்னா ஆயுசு கூடும்பாங்க. எனக்கு ஆறு மடங்கு கூடியிருக்கும்." சிரித்துக்கொண்டே இருந்தாள், தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றியபோதுதான் அது சிரிப்பில்லை என்று விளங்கியது.

"எங்க வீட்டு ஆளுங்க மூணு பேருக்கும் நான்தான் வருசா வருசம் விளக்கு வைக்கிறேன்" என்றாள். "அத்தையும் போன வருசம் போயிட்டாங்க. இப்ப நாலு விளக்கு. ஒவ்வொரு தடவையும் யோசிப்பேன். நான் அங்கனயே போயிருந்தா, எனக்குன்னு ஒண்ணு ஏத்த யாரு இருந்திருப்பான்னு."

அவள் தலையை என் மடியில் சாய்த்துப் பிடித்தேன். முன்பின் தெரியாத பெண், வந்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. அது எனக்கு அந்நேரம் தோன்றவே இல்லை.

சோறு போட்டேன். இரண்டாம் தரமும் கேட்டுச் சாப்பிட்டாள். போகும்போது மாப்பிள்ளையையும் பெண்ணையும் மட்டும் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். மற்றவர்களையும் கொண்டுபோகச் சொன்னேன். "இருக்கட்டும். அவங்களைப் பார்க்க வரணும்ல" என்றாள். புதுப் பெண்ணை அனுப்புவது போல நான் ஒரு பெட்டி பலகாரமும் கொடுத்தேன்.

பஸ் வரும்வரை வாசல் படலையடியில் நின்றோம். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, கேக்கிறேன்னு கோவிக்காதீங்க. உங்க ரெண்டு பேருக்கும் பிள்ளைங்க இல்லைன்னு அண்ணன் பஸ்ல சொன்னாரு."

"ஓம். இல்லை."

"அப்ப உங்களுக்கு நான் விளக்கு வைக்கிறேன்." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொழிற்சாலையில் கணக்குக் கேட்பவள் போல நிமிர்ந்து நின்றாள். "தப்பா வச்சிடக் கூடாது பாருங்க, அதான் இப்பவே கேக்கிறேன். படையலுக்கு என்ன வைக்கணும்?"

என் நாற்பத்தாறு வயதில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. இவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நண்டுக் கறி" என்றேன். "கொக்கிளாய் நண்டு. நல்ல உறைப்பாய்."